பெட்டி மூடும் முன் வந்துசேரும் தூரம்

எங்கள் ஊரில் யாரும் தூரத்தை மைலில் சொல்ல மாட்டார்கள். பாப்பிரெட்டிப்பட்டி எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஒரு வெற்றிலையைப் போட்டு மென்று துப்புவதற்குள் போய்விடலாம் என்பார்கள். பொம்மிடி ரயிலடி என்றால், களி தின்றுவிட்டுக் கிளம்பினால் வெயில் உறைப்பதற்குள். சித்தேரி மலைமேல் ஏறுவதென்றால் ஒரு பொழுது. சாலையோரத்தில் வெள்ளைக்காரன் காலத்து மைல்கல் ஒன்று இருந்தது. அதில் எருமையைக் கட்டுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பார்த்தவரை நான் கண்டதில்லை.

பெண் கொடுப்பதற்கும் நேரக் கணக்குத்தான். எங்கள் வேதக்கோவில் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவரைப் பெட்டியில் வைத்து மூடும் முன், தலைச்சன் மகள் வந்து புதுத் துணியால் முகத்தை மூட வேண்டும். அதற்குக் கோடி போடுவது என்று பெயர். அவள் கோடி போட்ட பிறகுதான் ஆசாரி ஆணியைக் கையில் எடுப்பார். அதனால் மூத்த பெண்ணைக் கொடுக்கும்போது மாப்பிள்ளைக்கு நிலம் எவ்வளவு, மாடு எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், காலையில் சாவுச் செய்தி போனால் பொழுது சாய்வதற்குள் வர முடியுமா என்று கேட்பார்கள். கல்யாணப் பேச்சிலேயே சாவைப் பேசும் சனம் நாங்கள்.

என் அக்காவுக்குப் பதினெட்டு வயதில் கோலார் தங்கவயலிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல பையன், நம் சனம், நிரந்தர வேலை. அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார்.

“மூணு வண்டி மாறணுமுங்க. அங்கிருந்து வர்றதுக்குள்ள நான் பெட்டிக்குள்ள ஊதிப் போயிருவேன்,” என்றார். வந்தவர்கள் காப்பியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

தங்கவயல் தூரம் என்று சொன்ன அந்த மனிதர்தான் அடுத்த வருஷம் அதே பெண்ணை ரோமாபுரிக்கு அனுப்பினார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. யார்மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அது அறுபதுகளின் நடுவில். வானம் பொய்த்த வருஷங்கள். ராகி கருகி, கிணறு அடிமண் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் சொன்னார்: ரோமாபுரியில் ஒரு கன்னியர் மடத்தில் நம் பக்கத்துப் பெண்களை எடுக்கிறார்கள், நர்ஸ் வேலை சொல்லிக்கொடுப்பார்கள், விருப்பமுள்ளவர்கள் வந்து பார்க்கலாம். அக்கா அன்றைக்கே விருப்பம் என்று சொல்லிவிட்டாள். அவளுக்குச் சாமி பக்தி அதிகமா, படிக்கிற ஆசை அதிகமா என்று எனக்குத் தெரியாது. அவள் வயிற்றிலும் பசி இருந்தது என்பது மட்டும் தெரியும்.

அப்பா சாமியாரைப் பார்க்கப் போனார். நானும் அக்காவும் கூடப் போனோம். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

“எவ்ளோ நேரமுங்க ஆவும், சாமி?”

சாமியார் மேசையிலிருந்த ஏதோ விமானக் கம்பெனிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். “பம்பாயில ஏறினா எட்டு மணி நேரம். எறங்கினா ரோமாபுரி,” என்றார்.

அப்பா விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். அவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறை மெட்ராஸ் போயிருக்கிறார், பெரியப்பாவின் கண் ஆபரேஷனுக்காக. காலையில் பொம்மிடியில் ஏறிப் பொழுது சாய இறங்கினார். அந்த ஒரு பயணத்தில் ரயில் நின்ற ஊர்களை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, வருஷக்கணக்கில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அப்ப நம்ம மெட்ராஸுக்குப் போற நேரந்தானுங்களே,” என்றார்.

“நேரம் ஏறக்குறைய அதேதான்,” என்று சாமியார் சிரித்தார்.

“அப்ப மெட்ராஸுல குடுத்த மாதிரிதானுங்க.”

சாமியார் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். பம்பாய் எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்கவில்லை. அது பொம்மிடியிலிருந்து ஒன்றரை நாள் ரயில் என்பதை யாரும் சொல்லவில்லை. டிக்கெட் காசு யார் கொடுப்பது, திரும்பி வர யாரிடம் உத்தரவு வாங்குவது, இது ஒன்றும் அந்த அறையில் பேசப்படவில்லை. நேரம் சரியாக இருந்தது. அது போதும் என்று அப்பா தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் புளி தட்டிக்கொண்டிருந்தாள். கொட்டையை ஒரு பக்கமும் சதையை ஒரு பக்கமும் தள்ளிவிட்டு, நிமிராமலே சொன்னாள்: “மெட்ராஸ் மாதிரின்னா மெட்ராஸுலயே குடுத்திருக்கலாமேங்க.” அப்பா மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அம்மா ஒரு விஷயத்துக்கு ஒரு வாக்கியம்தான் பேசுவாள். அது வீணாய்ப் போனால் போனதுதான்.

அக்காவுக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கினார்கள். தோல் செருப்பு வாங்கினார்கள். குளிர் ஊர் என்று சொல்லி, வெயிலில் வெந்துகொண்டிருந்த எங்கள் வீட்டில் கம்பளிச் சட்டை ஒன்று வந்து சேர்ந்தது. எனக்கு அவளுடைய பழைய தாவணிகள் கிடைத்தன. பொம்மிடி ரயிலடிக்கு ஊரே வண்டி கட்டிக்கொண்டு வந்து அழுதது. நான் அழவில்லை. நாளையிலிருந்து தண்ணீர் சேந்துவதும் களி கிண்டுவதும் மாட்டுக்குப் போடுவதும் என் தலையில் என்று எனக்குத் தெரிந்திருந்தது. விமானத்தில் போகிறவளுக்கு அழ ஆள் நிறைய இருந்தார்கள்.

அவள் போய்ச் சேர்ந்த விவரம் எழுதினாள். பம்பாயில் விடிகிற நேரத்தில் விமானம் ஏறினாளாம்; அதே நாள் அங்கே காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கிவிட்டாளாம். இதைக் கேட்டதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்து ஏறியவள் காலைக் கஞ்சிக்குப் போய்விட்டாள் என்றால், ரோமாபுரி மெட்ராஸைவிடக் கிட்டத்தில் அல்லவா இருக்கிறது. சாமியார் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்து, சூரியன் அந்த ஊருக்குத் தாமதமாகத்தான் போகும், அதனால் அங்கே கடிகாரம் பின்னால் ஓடும் என்று விளக்கினார்.

“சூரியன் லேட்டா போனா நமக்கென்னங்க, சாமி. பொண்ணு சீக்கிரமா வந்தா போதும்,” என்றார் அப்பா.

இந்தக் கணக்கை அவர் ஊர் முழுக்கச் சொன்னார். சந்தையில் சொன்னார், மாட்டுத் தரகரிடம் சொன்னார். அம்மாவும் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தாள். கிணற்றடியில் பெண்கள் கேட்டால், எட்டு மணி நேரந்தான், பொழுதோட வந்துருவா என்று சொல்லிப் பழகிக்கொண்டாள். நம்பாமல் இருந்தால் அவளால் சோறு தின்றிருக்க முடியாது என்று இப்போது புரிகிறது. கிறிஸ்துமஸ் வந்தது, ஈஸ்டர் பாஸ்கா வந்தது, கோவில் திருவிழா வந்தது. அக்கா வரவில்லை. படிப்பு இருக்கும் என்றார் அப்பா. அடுத்த வருஷம் லீவு இருக்காது என்றார். அதற்கும் அடுத்த வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் எங்கள் ஊர் சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து தருமபுரி ஜில்லா ஆகியிருந்தது. கலெக்டர் கச்சேரி கிட்டத்தில் வந்துவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்கு வயிறு வீங்க ஆரம்பித்தது. முதலில் வாயு என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்தோம். பிறகு தருமபுரிக்குக் கொண்டுபோனோம். பிறகு சாமியார் கடிதம் கொடுத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கிருந்த டாக்டரம்மா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் கேட்பதைக் கொடுங்கள் என்றார்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “பெரியவளப் பாக்கணுங்க.”

அப்பா சாமியாரிடம் எழுதி வாங்கிக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஓடித் தந்தி கொடுத்தார். அன்றைக்கு அவர் முகத்தில் துக்கத்தைவிடத் தெம்புதான் அதிகம் இருந்தது. அவர் இத்தனை வருஷம் போட்டுவைத்திருந்த கணக்குக்கு இப்போது வேலை வந்திருக்கிறது. தந்தி நாளைக்குப் போகும், மறுநாள் ஏறுவாள், எட்டு மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் என்னை வாசல் மெழுகச் சொன்னார். அக்கா படுக்கக் கட்டிலைத் தட்டிப் போடச் சொன்னார். நான் மெழுகினேன். மூன்று மாதமாக அம்மாவின் மலமூத்திரம் அள்ளியவள் நான். வருகிறவளுக்கு வாசல் மெழுகுவதும் நான்தான். எரிச்சலோடுதான் மெழுகினேன், ஆனால் அவள் வரவேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றே பார்த்தாள்.

பதில் தந்தி வந்தது. இங்கிலீஷில் இருக்கும் என்பதால் அப்பா அதைப் பிரிக்காமலே சாமியார் வீட்டுக்கு எடுத்துப் போனார். நானும் போனேன். சாமியார் படித்துவிட்டு உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை.

“அம்மாவுக்காக ஜெபிக்கிறேன், கடிதம் வருகிறதுன்னு இருக்குது,” என்றார் சாமியார்.

“எப்ப ஏர்றாளாமுங்க?”

“ஏறல. வரமுடியாதாம்.”

“எட்டு மணி நேரந்தானுங்களே சாமி.”

“தூரம் இல்லப்பா விஷயம். அவங்க மடத்துச் சட்டம் அப்படி. பத்து வருஷம் முடியாம, கடைசி வார்த்தைப்பாடு, அதான் துறவறச் சத்தியம், குடுக்காம, வூட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. தாய் தகப்பன் செத்தாலும் அனுப்ப மாட்டாங்க. ஆண்டவருக்குன்னு குடுத்துட்ட புள்ள.”

அப்பா தந்தியை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு, “அன்னைக்கு நான் அதக் கேக்கலீங்களே, சாமி,” என்றார்.

சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர். அவரும் அதைச் சொல்லவில்லைதான். ஆனால் அதைக் கேட்க வேண்டும் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்காமலே சொல்ல வேண்டும் என்று அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெண்ணைக் கொடுக்கும்போது எத்தனை மணி நேரம் என்று கேட்கிற சனத்துக்கு, திறந்துவிடுவார்களா என்று கேட்கத் தோன்றவில்லை. கதவைப் பூட்டிவைக்கிற சம்பந்தம் எங்களுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

வழியில் அப்பா என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “அம்மாகிட்ட வாயத் தொறக்காத, பாப்பா.”

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “பொறப்படறாளாம். தந்தி வந்துருச்சு,” என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் அத்தனை தெளிவாக இருந்து நான் பல மாதம் பார்த்திருக்கவில்லை. எனக்கு அப்பாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது.

அம்மாவுக்கு நேரம் ஆக ஆக நினைவு தப்பித் தப்பி வந்தது. சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். மறுநாள் விடிந்ததும் அவள் கேட்டாள், “ஏறியிருப்பாளாங்க?”

“ஏறிட்டா,” என்றார் அப்பா.

“இந்நேரம் எங்க வந்திருப்பா?”

அப்பாவுக்கு ரோமாபுரிக்கும் பம்பாய்க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கடல் இருக்கிறது, பாலைவனம் இருக்கிறது என்று சாமியார் சொன்னது அவர் மனதில் நிற்கவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு எட்டு மணி நேரம். அதிலிருந்த ஊர்களை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்.

“இப்பத்தான் அரக்கோணம் தாண்டியிருப்பா. அங்க கொஞ்ச நேரம் நிக்கும், தண்ணி புடிக்கறதுக்கு.”

அம்மா தலையசைத்தாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பாக இருந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் என்ன சத்தம் வரும் என்று பயமாக இருந்ததால் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். ஒரு பெண் இத்தாலியிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். காட்பாடியில் அவளுக்கு ஜன்னல் வழியாக இட்லி வாங்கிக் கொடுக்கிறார் எங்கள் அப்பா. அம்மாவும் கூடவே போனாள். ஒவ்வொரு முறை கண் விழித்தபோதும் கேட்டாள், ஒவ்வொரு முறையும் அவர் ஒரு ஊர் கிட்டத்தில் கொண்டுவந்தார். ஆம்பூர். வாணியம்பாடி. அவர் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஒரு கணம், அவள் வந்துகொண்டுதான் இருக்கிறாளோ என்று தோன்றிவிட்டது.

“ஜோலார்பேட்டை வந்தாச்சா?” என்றாள் அம்மா. குரல் காற்றாக வந்தது.

“வந்தாச்சு, புள்ள. அதுக்கப்புறம் என்ன, திருப்பத்தூரு, சாமல்பட்டி, மொரப்பூரு. வண்டி இங்கிருந்து நம்ம பக்கம் திரும்பிரும்.”

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. அப்பா சாமல்பட்டி என்றார். அவள் மூச்சு நின்றுபோயிருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். சொன்னேன். அவர் நான் சொன்னதைக் கேட்காதவர் போல, மொரப்பூர் என்றும் சொல்லி முடித்தார்.

துக்க மணி அடித்தார்கள். ஆசாரி பெட்டி செய்து கொண்டுவந்தார். வெயில் காலம், வயிற்று வியாதிக்காரி, பொழுதுக்குள் எடுத்துவிடலாம் என்று ஊரார் பேசினார்கள். அப்பா எழுந்து நின்று, “மெட்ராஸு வண்டி வந்தப்புறந்தான் மூடணும்,” என்றார். கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் ஏதோ சொன்னார். சாமியாரும் சொன்னார். தந்தியில் என்ன இருந்தது என்று அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சாமியாருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, சாவு வீட்டிலிருந்து கிளம்பி, பக்கத்து வீட்டுக் கவுண்டர் வண்டியைக் கட்டச் சொல்லிப் பொம்மிடிக்குப் போனார்.

ஊரே காத்திருந்தது. கேலி செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. தலைமாட்டில் மெழுகுவத்தி வெயிலில் குழைந்து சாய்ந்தது. நான் நிமிர்த்தி நிமிர்த்தி வைத்தேன். ஈயை விரட்டினேன். பெட்டிக்குள் அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக மூக்கை மூடிக்கொண்டு வெளியே போனார்கள். நான் போகவில்லை. எனக்கு அக்காமேல் வந்த கோபம் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்ததைப் போல வேறு எப்போதும் வந்ததில்லை. அவளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். தெரிந்தால் கோபம் வராதா என்ன.

அப்பா திரும்பி வந்தார். வண்டியில் அவர் மட்டும் இருந்தார். இறங்கி, காலைக் கழுவிக்கொண்டு, ஆசாரியிடம் போய், “வண்டி வந்துருச்சுங்க,” என்றார். அவ்வளவுதான். கோடித் துணியை எடுத்து என் கையில் கொடுத்தார். தலைச்சன் போட வேண்டியதை இரண்டாவது பெண் போட்டேன். துணி வைத்த பிறகும் முகத்தை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினேன்.

அதன் பிறகு அப்பா நேரத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். பள்ளிக்கூட வாத்தியாரிடம் போய், ரோமாபுரி எத்தனை மைல் என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஏறக்குறைய நாலாயிரம் என்று அவர் சொன்னாராம். அதுவரை மைல் என்ற சொல்லையே வாயில் எடுக்காத மனிதர், பெரிய பொண்ணு சாவுக்கு வரலையா என்று யார் கேட்டாலும், “நாலாயிரம் மைலுங்க. நடக்கற காரியமா?” என்றார். கேட்டவர்கள் அம்மாடி என்பார்கள். அவருக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து யார்தான் வரமுடியும்? தூரத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டால் மனிதர்கள்மேல் போட வேண்டியதில்லை, தன்மேலும் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. என்னை அடுத்த தெருவில் கட்டிக்கொடுத்தார். கூப்பிட்டால் கேட்கும். அவர் இருமினால்கூட எனக்குக் கேட்டது.

எழுபதுகளின் பாதி தாண்டி அக்கா வந்தாள். கடைசி வார்த்தைப்பாடு கொடுத்தாகிவிட்டது, சட்டமும் முன்போல இல்லை, தளர்த்திவிட்டார்கள் என்று சொன்னாள். சாம்பல் நிற அங்கி, தலையில் துணி, கண்ணாடி. கன்னம் சிவந்திருந்தது. பொம்மிடியில் இறங்கினாள். அப்பா இந்த முறை ரயிலடிக்குப் போகவில்லை, முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். அக்கா முதலில் கல்லறைக்குப் போய் அம்மாவின் சிலுவையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அங்கே பார்த்தபோது என் கோபத்தில் பாதி போய்விட்டது. அவளைப் பிடித்து வைத்ததும் அவளைக் கேட்டு இல்லை, இப்போது வீட்டுக்கு அனுப்பியதும் அவளைக் கேட்டு இல்லை.

வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக் கவுண்டரம்மா, அம்மா செத்த அன்று தன் வீட்டு வண்டியைக் கொடுத்தவள், அக்காவின் கையைத் தடவிக்கொண்டே கேட்டாள். “ஆகாசத்துல எத்தன நாளுங்க கண்ணு வரோணும்?”

“நாளெல்லாம் இல்லீங்கம்மா,” என்று அக்கா சிரித்தாள். “எட்டு மணி நேரந்தான். சாப்பாடு குடுத்தாங்க, ஒரு தூக்கம் போட்டேன், பம்பாய் வந்துருச்சு. அங்கிருந்து மெட்ராஸும் ஏரோப்ளேன்லயே வந்துட்டேன்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“நாலாயிரம் மைலுன்னாங்களே,” என்றார்.

“மைலெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. எட்டு மணி நேரம். அன்னைக்குச் சாமி சொன்னது சரிதான்.”

அவள் அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். நீங்கள் அன்று போட்ட கணக்கு தப்பில்லை, நான் கிட்டத்தில்தான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தாள். அவர் அத்தனை வருஷம் கஷ்டப்பட்டுத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் வைத்திருந்த ஊரை ஒரே வாக்கியத்தில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டாள். அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். முழங்கால் வலி என்றவர், கொட்டகையிலிருந்து வெகுநேரம் திரும்பவில்லை. நான் போய்ப் பார்த்தேன். மாட்டின் கழுத்தில் கைவைத்துக்கொண்டு நின்றார். “எட்டு மணி நேரந்தானாமே,” என்றார். மாடு தண்ணீர் குடித்து முடித்திருந்தது.

அக்கா இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனாள். அப்பா அவளிடம் அன்பாகத்தான் இருந்தார். அவள் போன பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

“எனக்கு யாருக்கும் காத்திருக்காதீங்க, பாப்பா. தந்தி குடுங்க, குடுக்க வேணாங்கல. ஆனா பெட்டிய மூடிருங்க. உசுரு போனதும் மூடிருங்க.”

“ஏம்ப்பா அப்படிச் சொல்றீங்க? இப்பத்தான் சட்டமெல்லாம் மாறிப்போச்சே. அக்கா வந்துருவாங்க.”

“அதுக்குத்தான் சொல்றேன்,” என்றார். “வந்தாலும் வருவா, வராட்டியும் வரமாட்டா. நான் அங்க படுத்துக்கிட்டு ஊரு ஊரா எண்ணிக்கிட்டிருக்க முடியாது.”

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் களத்துமேட்டில் கடலை காயவைத்துக்கொண்டிருந்தவர், அப்படியே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போய்விட்டார். சாமியார் வேறு ஒருவர் வந்திருந்தார். அவர் ரோமுக்கு டெலிபோன் போட்டே சொல்லிவிடலாம், உங்கள் அக்கா சிஸ்டர் நாளை மறுநாள் வந்துவிடுவார்கள், சேலத்திலிருந்து ஐஸ் கொண்டுவரலாம் என்றார். சொல்லிவிடுங்கள், காத்திருக்க மட்டும் வேண்டாம் என்றேன். ஊரார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நானே கோடி போட்டேன். எந்த வண்டி எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை. அன்று பொழுது இருக்கவே எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் அக்கா வந்துவிட்டாள். சேலத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு நேராக ஊருக்கு வந்தாள். வீட்டு வாசலில் ஆள் கூட்டம் இல்லாததைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் அவளைக் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவின் சிலுவைக்குப் பக்கத்தில் புது மண் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. அவள் குனிந்து அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தன் பழைய குரலில், ரோமாபுரிக்குப் போவதற்கு முன்பு இருந்த குரலில் கேட்டாள்.

“எட்டு மணி நேரந்தானேடி. வெச்சிருக்கக் கூடாதா?”

அப்பா சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். அரக்கோணமும் காட்பாடியும் ஜோலார்பேட்டையும் அவளுக்குத் தெரியாது. நான் அதை எழுதியதில்லை. சொல்ல ஆரம்பித்தால் அவள் அங்கேயே விழுந்துவிடுவாள் என்று தோன்றியது. “வெயிலா இருந்துச்சுக்கா,” என்றேன்.

அவள் தோள்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து மடித்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தாள். அங்கிருந்தே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், ஓரம் அடித்து, இஸ்திரி போட்டு. தலைச்சன் போட வேண்டிய கோடி. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். எனக்கும் தெரியவில்லை.